டெபிட் கார்டு இருக்கும்போது கிரெடிட் கார்டு எதற்கு? இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

புதுவரவு கேட்டது:
சம்பளக் கணக்கோடு வந்த டெபிட் கார்டு இருக்கிறது. கிரெடிட் கார்டும் வாங்கச் சொல்லி வங்கியிலிருந்து விடாமல் அழைக்கிறார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுதான்: அதே 16 இலக்கம், சிப், பின், சிவிவி. "50 நாள் வட்டியே கிடையாது" என்கிறார்கள். அந்த 50 நாள் எங்கிருந்து வருகிறது? கார்டு விவரம் திருடுபோனால் எதில் ஆபத்து அதிகம்? ஓட்டலில் எதைக் கொடுப்பது?

கணக்குப்பிள்ளை:
டெபிட் கார்டைத் தேய்த்தால் உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து அப்போதே பணம் போகும். கிரெடிட் கார்டைத் தேய்த்தால் வங்கி தன் பணத்தைக் கடைக்குக் கொடுத்துவிட்டு உங்கள் பேரில் பற்று எழுதிக்கொள்ளும்.

50 நாள் என்பது எல்லாச் செலவுக்கும் கிடைக்காது. ஸ்டேட்மென்ட் தேதி (மாத பில் போடும் நாள்) 10, கட்டவேண்டிய கடைசித் தேதி 30 என்று வையுங்கள். மே 11 அன்று வாங்கிய பொருள் ஜூன் 10 பில்லில் வரும், ஜூன் 30க்குள் கட்டினால் போதும். அதுதான் 50 நாள். அதே பொருளை ஜூன் 10 அன்று வாங்கினால் 20 நாள்தான். பெரிய செலவை ஸ்டேட்மென்ட் தேதிக்கு மறுநாள் வைத்துக்கொள்வது இதனால்தான்.

இனி சிக்கலான இடம். மே 11 அன்று ரூ.20,000 செலவு. ஜூன் 30 அன்று ரூ.19,000 மட்டும் கட்டுகிறீர்கள். பாக்கி ஆயிரத்துக்குத்தானே வட்டி என்று தோன்றும். கிடையாது. முழு 20,000க்கும் வாங்கிய நாளிலிருந்து வட்டி ஓடும். மாதம் 3.5% (வருடத்துக்கு 42%) என்றால் 50 நாளுக்கு ரூ.1,151. மீதி ஆயிரத்துக்கு ஜூலை 10 வரை இன்னொரு ரூ.11.50. இதற்கு மேல் 18% ஜிஎஸ்டி ரூ.209. மொத்தம் ரூ.1,371. ஆயிரம் ரூபாய் குறைத்துக் கட்டியதற்கு விலை இது! போதாததற்கு, பாக்கி முழுசாகத் தீரும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாள் கிடையாது, முதல் நாளிலிருந்தே வட்டிதான்.

பில்லில் "மினிமம் டியூ" என்று போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைச் செருகவே வேண்டாம். பெரும்பாலான வங்கிகளில் 2.5% கட்டணம், குறைந்தபட்சமாகவே சில நூறு ரூபாய் பிடிப்பார்கள். எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி வேறு. ரொக்கம் எடுக்க டெபிட் கார்டு போதும்.

ரசீதுக்கட்டு:
திருட்டு விஷயத்தில் கிரெடிட் கார்டுக்குத்தான் பாதுகாப்பு, டெபிட் கார்டில் போனால் போனதுதான் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை இரண்டுக்கும் பொது. தப்பு உங்கள் மேலும் இல்லை, வங்கி மேலும் இல்லை என்றால், எஸ்எம்எஸ் வந்ததிலிருந்து 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டமே இல்லை. 4 முதல் 7 வேலை நாளுக்குள் சொன்னால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கும் 5 லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கும் அதிகபட்சம் ரூ.10,000 உங்கள் பொறுப்பு. நீங்களே ஓடிபியைச் சொல்லியிருந்தால் கதை வேறு: வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது முழுக்க உங்கள் தலையில்தான்.

நடைமுறையில் வித்தியாசம் எங்கே என்றால், டெபிட் கார்டில் போவது வீட்டு வாடகைக்கும் இஎம்ஐக்கும் வைத்த பணம். தற்காலிகமாகத் திருப்பி வரவு வைக்கவே வங்கிக்கு 10 வேலை நாள் அவகாசம் உண்டு. அதற்குள் இஎம்ஐ திரும்பினால் அந்தத் தண்டம் தனி. கிரெடிட் கார்டில் சண்டை நடப்பது பில்லில், உங்கள் கணக்கு தொடப்படாமல் இருக்கும்.

இப்போதே செய்யவேண்டியது: வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்துவிடுங்கள். டெபிட் கார்டின் ஆன்லைன் லிமிட்டைக் குறையுங்கள். பின் இல்லாமல் டேப் செய்வது ரூ.5,000 வரை போகும், வேண்டாமென்றால் அதையும் அணைக்கலாம். பணம் போய்விட்டால் முதலில் கார்டை பிளாக் செய்து புகார் எண் வாங்குங்கள், அடுத்து சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

கல்லாப்பெட்டி:
ஓட்டலுக்குக் கிரெடிட் கார்டுதான். செக்-இன்னில் முன்பணமாக ஒரு தொகையை நிறுத்திவைப்பார்கள். கிரெடிட் கார்டில் அது லிமிட்டில் மட்டும் குறையும். டெபிட் கார்டில் உங்கள் பணமே முடங்கும், அறையைக் காலி செய்த பிறகும் விடுபடச் சில நாள் ஆகலாம்.

கடைப் பக்கம் ஒரு விஷயம். "கிரெடிட் கார்டா, 2% கூட ஆகும்" என்று சொல்வதற்குக் காரணம், கடைக்காரரிடம் வங்கி பிடிக்கும் கட்டணம். ரூபே டெபிட் கார்டுக்கு 2020 ஜனவரியிலிருந்து அது பூஜ்யம். மற்ற டெபிட் கார்டுகளுக்கு 0.90% உச்சவரம்பு. கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு இல்லை. 1% ரிவார்டுக்காக 2% கூடக் கொடுப்பது நஷ்டக் கணக்கு, அந்தக் கடையில் டெபிட்டையே நீட்டுங்கள்.

மெஷினில் "ஃபெயில்டு" என்று வந்து கணக்கில் பணம் போயிருந்தால் அந்தச் சீட்டைத் தூக்கிப்போடாதீர்கள். 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு ரூ.100 வங்கி தரவேண்டும். ஏடிஎம்மில் பணம் வராமல் கழிந்தாலும் இதே கணக்குதான்.

புதுவரவு:
நன்றி. வாங்கினால் ஆட்டோ-பே போட்டுவிட்டால் போதுமா?

கணக்குப்பிள்ளை:
போடும்போது "டோட்டல் டியூ", "மினிமம் டியூ" என்று இரண்டு தேர்வு வரும். டோட்டல்தான் தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசித் தேதிக்கு முந்தின நாளே கணக்கில் முழுத் தொகையும் இருக்கட்டும்.