கரிமேல் பேஸ்டல் பூசினால் சேறாகிறது, பித்தளைச் செம்பு பச்சையாகிறது

ஜெலுத்தோங்_கோடு

சாம்பல் நிற கான்சன் மி-தாந்த் ஓவியத் தாள், சதுர மீட்டருக்கு 160 கிராம். வரையும் பொருள்கள்: கோப்பிக் கடை வெள்ளைக் கோப்பை, பித்தளைச் செம்பு, இரண்டு மங்குஸ்தீன். இருட்டுப் பகுதி எல்லாவற்றையும் முதலில் கரியால் நிரப்பிவிட்டு, மேலே சாக் பேஸ்டல் (நிறத்தூள் கட்டி) போட்டேன். செம்பின் மஞ்சள், பாசி பிடித்த மாதிரி பச்சையடிக்கிறது. நாலாவது பூச்சுக்கு மேல் தாள் எதையும் ஏற்கவில்லை. ஃபிக்சட்டிவ் (தூள் உதிராமல் பிடித்துவைக்கும் தெளிப்பு) அடித்ததும் கோப்பையின் வெள்ளை மங்கிவிட்டது. கரியை மொத்தமாக விட்டுவிட வேண்டுமா?

செந்தூல்_கரிக்கட்டி

விட வேண்டாம். எந்தக் கரி என்று சொல்லவில்லையே? வில்லோ குச்சிக் கரி வெறும் சுட்ட மரம், துணியால் தட்டினாலே உதிரும். அழுத்திய கரியில் பசை உண்டு, அது தாளைவிட்டுப் போகாது. அதன்மேல் எந்த நிறம் வைத்தாலும் கறுப்பு மேலே ஏறி வரும். கோடு போடுவதற்கு வில்லோ மட்டும் போதும். வடிவம் சரியானதும் மென்மையான துணியால் துடைத்து, மங்கலான தடம் மட்டும் மிஞ்சும்படி விடுங்கள். அழுத்திய கரி கடைசியில்தான்: கோப்பைக்கு அடியில் மேசையைத் தொடும் அந்த மெல்லிய நிழல், செம்பின் கழுத்துக்குள் இருக்கும் இருட்டு, அவ்வளவுதான்.

பச்சைக்குக் காரணம்: கரியை மெலிதாகப் பூசினால் நீலம் தட்டும். மஞ்சளோடு சேர்ந்தால் ஆலிவ் பச்சைதான் வரும். பித்தளையின் இருட்டுக்குக் கறுப்பே தேவையில்லை. அடர்ந்த அம்பர் (கரும்பழுப்பு), அதன்மேல் சுட்ட சியன்னா (செம்பழுப்பு), வெளிச்சப் பக்கம் காவி மஞ்சள், மினுக்கம் வெளிர் கிரீம். மினுக்கத்தைத் தேய்க்காதீர்கள், கட்டியின் முனையால் ஒரே அழுத்து. பக்கத்தில் மங்குஸ்தீன் இருப்பதால் செம்பின் வயிற்றில் ஊதாச் சிவப்பு ஒரு கீற்று தெரியும். அதை விட்டுவிட்டால் செம்பு தனியாக ஒட்டவைத்த மாதிரி நிற்கும்.

மங்குஸ்தீனுக்கோ, இதற்கு மாறாக, அடியில் கரி இருப்பதே நல்லது. அதன்மேல் மாரூனும் ஊதாவும் போட்டால் தோலின் கனம் வந்துவிடும்.

தாள் ஏற்காததற்குக் காரணம் விரல். ஒவ்வொரு பூச்சையும் தேய்த்தால் தூள் தாளின் குழிகளில் அடைந்துபோகும், பிறகு பிடிக்க இடமில்லை. விரல் எண்ணெய் வேறு. முதல் பூச்சை மட்டும் தேயுங்கள். இப்போது இருப்பதைக் காப்பாற்ற, பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, முரட்டுப் பன்றிமயிர்த் தூரிகையால் தட்டி உதிர்க்கலாம். ஊதாதீர்கள், சில நிறங்களில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கும். காத்தாடியையும் அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, மி-தாந்த் தாளின் ஒரு பக்கம் தேன்கூடு மாதிரி, மறுபக்கம் நைசு. பீங்கானுக்கும் பித்தளைக்கும் நைசுப் பக்கம். தேன்கூட்டுப் பக்கத்தில் செம்புக்கு அம்மை போட்டுவிடும்.

பட்டர்வொர்த்_தூள்

வெள்ளை மங்குவதற்கு உங்கள் கைத்தவறு காரணமில்லை. மலிவுக் கட்டிகளில் சுண்ணத்தூள்தான் அதிகம். ஃபிக்சட்டிவின் பிசின் அதை நனைத்ததும், ஈரமான சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஒளி ஊடுருவ ஆரம்பிக்கும், அடியில் உள்ள சாம்பல் நிறம் தெரியும். டைட்டானியம் கலந்த வெள்ளை இவ்வளவு மங்காது. பள்ளி வெண்கட்டியை மட்டும் தொடவே வேண்டாம்.

நடுவில் அடியுங்கள், கடைசியில் வேண்டாம். கரித்தடம் முடிந்ததும் ஒருமுறை, முதல் இரண்டு நிறப்பூச்சுக்குப் பிறகு ஒருமுறை. 30 செ.மீ. தள்ளி, தாளுக்கு வெளியே தெளிப்பை ஆரம்பித்துக் குறுக்கே ஒரே ஓட்டம், 15 நிமிடம் காய விடுங்கள். கோப்பையின் வெள்ளை, மினுக்கம் எல்லாம் அதற்குப் பிறகு, அவற்றின்மேல் தெளிப்பே கிடையாது. மழை நேரத்தில் அடித்தால் ஈரம் பிசினில் சிக்கி வெண்படலம் விழும். ஹேர் ஸ்பிரே மஞ்சளாகும், மறந்துவிடுங்கள்.

செந்தூல்_கரிக்கட்டி

வெளிச்சத்தையும் பாருங்கள். வடக்குச் சன்னலில் வெயில் நேராக விழாது என்பது ஐரோப்பியக் கணக்கு. பினாங்கில் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை மதியச் சூரியன் வடக்கே நிற்கும். ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுங்கள், இல்லையென்றால் ஒற்றை விளக்கில் வரையுங்கள். நிழல் விளிம்பை முதல் பத்து நிமிடத்தில் குறித்துவிட்டு, பிறகு அது நகர்ந்தாலும் மாற்றாதீர்கள்.

ஜெலுத்தோங்_கோடு

நன்றிங்க. கடைசிப் பூச்சுக்குத் தெளிப்பு இல்லையென்றால் எப்படி வைப்பது? இங்கே அலமாரியில் வைத்த காகிதமெல்லாம் பூஞ்சை பிடிக்கிறது.

பட்டர்வொர்த்_தூள்

மேலே கிளாசின் தாள் (வழுவழுப்பான மெல்லிய தாள்), அது உரசாதபடி நாலு மூலையிலும் ஒட்டுநாடா. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு படுக்கையாக வையுங்கள். சட்டம் போட்டால் கண்ணாடிதான், அக்ரிலிக் நிலைமின்சாரத்தில் தூளை இழுத்துக்கொள்ளும். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) தரும் இடைவெளி கட்டாயம். சட்டத்தின் பின்பக்கம் நாலு கார்க் துண்டு ஒட்டினால் சுவரைத் தொடாது. மழைச்சாரல் படும் வெளிச்சுவரில் மாட்டவே மாட்டாதீர்கள்.