கிட்டில் சுருக்க அளவையும் நெறிமுறையையும் மாற்றிச் சோதிப்பது எப்படி?

கேள்வி (கும்பகோணம்):
கல்லணைக் கால்வாய்ப் பாசனப் பகுதியின் நீர்மட்ட அட்டவணைகளையும் ஸ்கேன் செய்த வரைபடங்களையும், கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (Git) மென்பொருளின் களஞ்சியம் ஒன்றில் வைத்திருக்கிறோம். திருத்துறைப்பூண்டியில் இருக்கும் சக ஊழியர்களுக்கு இணைய வேகம் குறைவு என்பதால் சுருக்க அளவை உச்சமான 9 ஆக்கினோம். களஞ்சியம் சிறிதும் குறையவில்லை. கணினியும் சர்வரும் தரவைப் பரிமாறும் நெறிமுறையையும் 2ஆம் பதிப்புக்கு மாற்றிப் பார்க்கலாமா?

பதில் (மன்னார்குடி):
ஐயா, இரண்டையும் ஒருசேர மாற்றாதீர்கள். பலன் எதனால் வந்தது என்று தெரியாமல் போய்விடும். ஏற்கெனவே சுருக்கி வைத்தவற்றைக் கிட் அப்படியே மறுபடி எடுத்துக்கொள்வதால், களஞ்சியத்தின் நகல் ஒன்றில் தரவை மறுபடி கட்டிவைக்கும் ரீபேக் கட்டளையைப் பெரிய எஃப், சிறிய ஏ, டி (-F -a -d) விருப்பங்களோடு இயக்கினால்தான் புதிய அளவு பழைய தரவுக்கும் பொருந்தும். அட்டவணைகள் நன்றாகச் சுருங்கும். ஜேபெக் வரைபடங்கள் முன்பே சுருக்கப்பட்டவை. அவற்றுக்கு 9 வைத்தால் சர்வரின் நேரம்தான் வீணாகும்.

பதில் (நாகப்பட்டினம்):
நெறிமுறையின் 2ஆம் பதிப்பு, 2020இல் வந்த கிட் 2.26இல் இயல்பாக (நாம் எதையும் மாற்றாமலே பயன்படும்படி) ஆக்கப்பட்டு, 2.27இல் திரும்பப் பெறப்பட்டு, 2.29 முதல் மீண்டும் இயல்பாக இருக்கிறது. ஆகவே முதலில் உங்கள் கிட்டின் பதிப்பைப் பாருங்கள். கேட்ட கிளைகளின் பெயர்களை மட்டும் சர்வர் அனுப்புவதே அதன் முக்கிய ஆதாயம் என்பதால், கிளைகளும் டேகுகளும் (குறிப்பிட்ட நிலைகளுக்கு இடும் பெயர்ச்சீட்டுகள்) ஆயிரக்கணக்கில் இருந்தால்தான் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். புஷ் செய்வதில், அதாவது சர்வருக்கு அனுப்புவதில், எந்த மாற்றமும் இராது. சோதனையைத் திருத்துறைப்பூண்டியில் உள்ள கணினியிலிருந்தே, ஒரே ஃபெட்ச்சை (சர்வரிலிருந்து தரவை எடுப்பதை) நெறிமுறையின் 0, 2 என இரு பதிப்புகளிலும் ஓட்டிச் செய்யுங்கள்.