லாரி டயர் ‘பேலன்சிங்’: சொல்லும் செய்முறையும்

கலம்போலியிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். நவி மும்பையின் கலம்போலியில் சரக்கை இறக்கிவிட்டு ரிட்டர்ன் லோடுக்குக் காத்திருக்கும் நாமக்கல், சங்ககிரி வண்டிக்காரர்களுக்காக ஒரு டயர் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். பேலன்சிங், அதாவது சக்கரத்தின் கனம் ஒரு பக்கம் சாயாமல் சரிசெய்வது பற்றிய அத்தியாயத்தில் சிக்கிக்கொண்டேன். கழற்றி மெஷினில் ஏற்றி ரிம்மில் வெயிட் அடிப்பது, ஆக்ஸிலில் மாட்டியபடியே சுழற்றிப் பார்ப்பது, டயருக்குள் சிறு மணிகளைக் கொட்டுவது, ரிம்முக்கும் ஹப்புக்கும் (ரிம்மை மாட்டும் நடுப்பாகம்) நடுவே வளையம் போடுவது என்று வழிகள் பல. எதை எப்போது என்று சொல்ல வேண்டும். அதற்குச் சொல் வேண்டும். ஸ்டாட்டிக், டைனமிக் இரண்டுக்கும் ‘நிலைச் சமநிலை’, ‘இயக்கச் சமநிலை’ என்று எழுதினேன். டயர் கடைக்காரர் படித்துவிட்டு, “இயக்கம்னா வண்டி ஓட ஓடப் பண்றதா சார்?” என்கிறார். மணிகளுக்குத் ‘தன்சமன் மணி’ என்று வைத்திருக்கிறேன். திருத்துங்கள்.

தானேயிலிருந்து:

கடைக்காரர் கேட்டது நியாயம். ‘சமநிலை’யையே விட்டுவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் அது ஈக்விலிப்ரியம். விசைகள் ஒன்றையொன்று ஈடுகட்டி நிற்கும் நிலை. நமக்கு வேண்டியது ஒரு வேலையின் பெயர். ‘சமன்’ போதும். சமன் பார்த்தாச்சு, சமன் குலைஞ்சிருக்கு என்று வாயில் புரளும். ‘சீர்தூக்கல்’ என்று முன்பு ஒருவர் சொன்னார். அழகான சொல்தான், ஆனால் இன்று அது தீர்ப்பெழுதுகிறவர்கள் சொல்லாகிவிட்டது. ஜாக்கி, ஸ்பேனரோடு ஒட்டாது.

ஸ்டாட்டிக் கோளாறு என்றால் டயரின் சுற்றில் ஓரிடம் கனமாக இருப்பது. சக்கரத்தைத் தூக்கிச் சும்மா விட்டால் அந்த இடம் கீழே வந்து நிற்கும். ஓடும்போது சக்கரம் மேலும் கீழும் துள்ளும். மற்றதில், அதாவது டைனமிக் கோளாறில், உள்பக்கம் ஓரிடத்திலும், வெளிப்பக்கம் அதற்கு நேர் எதிரேயும் கனம் இருக்கும். தூக்கி விட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வேகம் பிடித்தால் ஸ்டீரிங் இடமும் வலமும் உதறும். முதலாவதை ஒரு தளத்தில், அதாவது ஆக்ஸிலுக்குக் குறுக்கான ஒரே வட்டத்தில், எடை வைத்துத் தீர்க்கலாம். இரண்டாவதற்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு தளம் வேண்டும். ஆகவே என் முன்மொழிவு: ஒருதளச் சமன், இருதளச் சமன். வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்ற குழப்பமே வராது. சுழலும் பாகங்களின் சமனுக்கான ஐஎஸ்ஓ 21940 தரத்திலும் தளக் கணக்கு உண்டு.

லாரிக்கான 295/80 ஆர் 22.5 அளவு டயர் ஏறத்தாழ 30 செ.மீ. அகலம். அதில் ஒருதளம் மட்டும் பார்த்து அனுப்பினால் முன்சக்கர உதறல் முழுதாகப் போகாது. டயரின் ஓடுபரப்பில் 200 கிராம் கூடுதலாக இருப்பதாக வையுங்கள். மையத்திலிருந்து அரை மீட்டர் தூரம். 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 7 சுற்று. அந்த 200 கிராம் சுமார் 19 கிலோ எடைக்கு ஈடாக இழுக்கும். 40 கி.மீ. வேகத்தில் அது கால்வாசிதான். அதனால்தான் தொழிற்பேட்டைக்குள் சாதுவாக இருக்கும் வண்டி, கண்டாலா மலை இறங்கிச் சமதளத்தில் வேகம் பிடித்ததும் ஸ்டீரிங்கில் பேச ஆரம்பிக்கிறது. ரிம் விளிம்பு மையத்துக்கு இன்னும் கிட்டே இருப்பதால், அந்த 200 கிராமை ஈடுகட்ட அங்கே 350 கிராம் அடிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது ரன் அவுட், அதாவது சக்கரம் சீராகச் சுழலாமல் கோணலாக ஆடுவது. அப்படியே எழுதினால் நம் ஆட்களுக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். ‘மையப்பிறழ்வு’ என்றெல்லாம் அலைய வேண்டாம். சைக்கிள் கடையில் காலங்காலமாக ‘கோட்டம் எடுக்கிறார்கள்’. அதே சொல்தான். மேலும் கீழும் என்றால் உயரக் கோட்டம், பக்கவாட்டில் என்றால் பக்கக் கோட்டம். டயர் ரிம்மில் ஒழுங்காக உட்காராவிட்டாலும் கோட்டம் வரும். பீடுக்கு (ரிம்மில் உட்காரும் டயரின் உள்விளிம்பு) மேலே டயரைச் சுற்றி ஓடும் மெல்லிய வரம்புக்கும் ரிம்முக்கும் இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கோட்டத்தை விட்டுவிட்டு வெயிட் மேல் வெயிட்டாக அடிப்பது வீண். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது இலேசான இடம். வால்வுக்கு நேராக வைத்து மாட்டினால் வெயிட் குறைவாகவே பிடிக்கும்.

மெஷினில் செய்வதைக் ‘கழற்றிச் சமன்’ என்றும், ஆக்ஸிலில் செய்வதை ‘மாட்டியபடிச் சமன்’ என்றும் சொல்லலாம். பின்னதில் பிரேக் டிரம், ஹப் கோளாறும் சேர்ந்து சரியாகும். ஆனால் சக்கரத்தை இடம் மாற்றினால் அத்தனையும் போச்சு. முன்னதற்கு லாரிக்கான மெஷின் வேண்டும். டயரும் ரிம்மும் சேர்ந்து 100 கிலோவை ஒட்டி வரும்.

மாட்டுங்காவிலிருந்து:

ஐயாவின் தளக் கணக்கு எனக்கும் சம்மதம். ‘தன்சமன் மணி’யை மட்டும் ஏற்க முடியவில்லை. அந்தப் பெயரே விற்பனைப் பேச்சு. இயற்பியல் சொல்வது இது: தன்னிச்சையாக நகரும் மணிகள், சுழற்சி இயல்பதிர்வெண்ணை (ஒரு பொருள் தானாக நொடிக்கு எத்தனை முறை அதிரும் என்ற எண்) தாண்டிய பிறகுதான் இலேசான பக்கம் ஒதுங்கும். அதற்குக் கீழே இருக்கும்வரை கனமான பக்கத்தோடுதான் போய்ச் சேரும். ஆக்ஸில் துள்ளலின் இயல்பதிர்வெண் பொதுவாக நொடிக்கு 10-ஐ ஒட்டியது, 80 கி.மீ. வேகத்தில் நம் சக்கரமோ 7 சுற்று. 2018 அறிவிப்புப்படி எக்ஸ்பிரஸ்வேயில் சரக்கு வண்டிக்கு அந்த 80-தான் உச்சம். அப்படியிருக்க, ‘தானே சமனாகும்’ என்று நாம் பெயரிலேயே உறுதி கொடுப்பானேன்? மணி போட்டபின் வண்டி மெத்தென்று ஓடுகிறது என்று சத்தியம் செய்யும் ஓட்டுநர்கள் உண்டு, மறுக்கவில்லை. பெயர் ‘டயர் மணி’ என்றே இருக்கட்டும். எண்ணெய்க்குள் குண்டுகள் உருளும் வளையத்துக்கும் இதே கேள்வி உண்டு, ஆகவே ‘ஹப் வளையம்’.

கலம்போலியிலிருந்து:

இருவருக்கும் நன்றி. இப்படித் திருத்துகிறேன். முன் ஆக்ஸில்: முதலில் கோட்டம், பிறகு கழற்றி இருதளச் சமன். பின்பக்க ஜோடி டயர்களில் கோட்டமும் காற்றும் பார்த்தால் பெரும்பாலும் போதும். உள்டயருக்கு வெயிட் அடிக்கச் சொன்னால் எந்த முதலாளியும் காசு கொடுக்கப்போவதில்லை. டயர் மணி: ட்யூப் இல்லாத டயரில் மட்டும், உள்ளே ஈரமில்லாத காற்று பிடித்தால் மட்டும். நனைந்தால் மணிகள் கட்டிதட்டி ஒரே பக்கம் நின்றுவிடும் என்ற எச்சரிக்கையோடு.

‘எதிரெடை’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். நல்ல சொல்தான், ஆனாலும் கடையில் போய்ச் சொல்ல வேண்டியவர் ஓட்டுநர், எனவே ‘வெயிட்’டே இருக்கட்டும். சிலர் ‘ஈயம்’ என்கிறார்கள், அதை எடுக்கவில்லை. ஐரோப்பாவில் கார்களுக்கு ஈய வெயிட்டை 2005-லேயே நிறுத்திவிட்டார்கள். துத்தநாகத்திலும் இரும்பிலும் வருகிறது.

பீடுக்கு யாரிடமாவது சொல் இருந்தால் அச்சுக்குப் போகும் முன் அனுப்புங்கள். இல்லாவிட்டால் பீடு பீடாகவே போகும்.