பழைய இயற்கைக் காட்சி ஓவியங்களில் மரங்கள் ஏன் ஒரே மாதிரி?

கல்லடி_மாணவன்:
உயர்தரத்துக்குச் சித்திரம் படிக்கிறேன். 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் காட்சி ஓவியங்களில் ஓரத்தில் ஒரு பெரிய மரம் கபில நிறத்தில் நிற்கும், ஆனால் அது என்ன மரம் என்று பிடிபடாது. எங்கள் வாவிக்கரையில் கண்டலும் தென்னையும் பூவரசும் தூரத்திலேயே வேறு வேறாகத் தெரிகின்றன. அவர்கள் மரத்தைப் பார்க்காமலா வரைந்தார்கள்?

களுவாஞ்சிகுடி:
பார்த்துத்தான் வரைந்தார்கள் தம்பி. 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் காட்சி ஓவியர் குளோட் லொரைன் ரோமைச் சுற்றியுள்ள வெளிகளில் உட்கார்ந்து மரங்களைக் கீறியவர், அந்தக் கீறல்களில் காற்றே தெரியும். ஆனால் பெரிய ஓவியத்தை வேலைத்தலத்தில்தான் முடித்தார். அங்கே ஓரத்து மரத்துக்கு ஒரு வேலை இருந்தது, தான் இருட்டாக நின்று நம் கண்ணை நடுவில் உள்ள வெளிச்சத்துக்கும் தூரத்துக்கும் அனுப்புவது. அதற்கு இனம் தெரியத் தேவையில்லை. பின்னால் வந்தவர்கள் நூறு வருடத்துக்கு மேல் இதையே சூத்திரமாக்கியதுதான் எனக்குப் பிடிக்காதது.

கபில நிறத்துக்கு ஓவியரை மட்டும் குறை சொல்லாதீர்கள். செம்பு கலந்த பச்சை நாளாக ஆகக் கறுத்துவிடும், மேலே பூசிய வார்னிஷும் மஞ்சளாகும். சில ஒல்லாந்த ஓவியங்களில் இலை நீலமாக இருக்கும், பச்சைக்குக் கலந்த மஞ்சள் வெளிறிப்போனதால்.

வாழைச்சேனை_தூரிகை:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் ஒல்லாந்தர் எல்லாரும் அப்படியில்லை. அவர்களில் ரைஸ்டால் என்ற ஓவியர் வரைந்த ஓக் மரம் ஓக் மரமாகவே நிற்கும். இன்னொரு ஒல்லாந்த ஓவியர் ஹொபெமா 1689இல் வரைந்த மிடல்ஹார்னிஸ் பாதை ஓவியத்தைத் தேடிப் பாருங்கள், கீழ்க்கிளை கழித்த ஒல்லி மரங்கள் இரு பக்கமும் நிற்க, பாதை அப்படியே உள்ளே இழுக்கும்.

இங்கிலாந்தில் இந்தச் சூத்திரத்தோடு நேரே மோதியவர் காட்சி ஓவியர் கொன்ஸ்டபிள். ஓவியத்துக்குப் பழைய வயலினின் கபில நிறம் வேண்டும் என்று ஓவியச் சேகரிப்பாளர் சேர் ஜோர்ஜ் போமொன்ட் சொன்னபோது, கொன்ஸ்டபிள் ஒரு வயலினை எடுத்துப் பச்சைப் புல்லில் வைத்துக் காட்டினாராம். 1821 அளவில் ஒரு எல்ம் மரத்தின் அடியை மட்டும், பட்டையின் வெடிப்பு வெடிப்பாக, தனி ஓவியமாக வரைந்திருக்கிறார். எனக்கு அவருடைய பெரிய ஓவியங்களை விட அது மேல்.

அக்கரைப்பற்று_நானா:
ஐரோப்பாவை மட்டும் வைத்து ஏன் பேசுகிறீர்கள்? முகலாய ஓவியர் அபுல் ஹசன் 1610 அளவில் வரைந்த சினார் மரத்தில் ஒவ்வொரு இலைக்கும் தனிக் கவனம், அதில் அணில்கள் வேறு. நம் நாட்டில் கண்டிக்கு அருகிலுள்ள தெகல்தொறுவை விகாரைச் சுவரில் நிழலே இல்லை, தூரமும் இல்லை, சிவப்புப் பின்னணியில் இலையை ஒவ்வொன்றாக அடுக்கியிருக்கிறார்கள். இதை வரையத் தெரியாமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்த மரத்தின் வேலை கதையில் இது காடு, இது தோட்டம் என்று காட்டுவது. அதை நன்றாகவே செய்கிறது.

கல்லடி_மாணவன்:
நன்றி. அப்ப நான் வரையும்போது இலையில் தொடங்குவதா, உருவத்திலா?

களுவாஞ்சிகுடி:
கட்டமைப்பில் தொடங்குங்கள். ஆங்கிலக் காட்சி ஓவியர் அலெக்சாண்டர் கொசன்ஸ் 1771இல் 32 வகை மரங்களுக்குப் படம் போட்டபோது வெளியுருவம், கிளைக்கூடு, இலை என்று மூன்றையும் காட்டினார். கண்டலுக்கும் அப்படியே செய்யுங்கள், முதலில் தண்ணீருக்குள் இறங்கும் வேர்கள், பிறகு கிளை போகும் திசை, இலை கடைசியில்.