வசந்த கால விதைப்பு: தக்காளி நாற்றுகள் முளைத்த பிறகு மண்மட்டத்தில் சாய்ந்து சாகின்றன, உதவி தேவை

கேள்வி

குளிர் முடிந்ததும் வெளியே நடுவதற்காக 50 குழித் தட்டில் தக்காளி, மிளகாய் விதைத்து இன்றோடு 12 நாள். தக்காளி நன்றாக முளைத்தது. நேற்று முன்தினம் தட்டின் ஒரு மூலையில் நான்கு நாற்று சாய்ந்தது, இன்று காலை எண்ணினால் பதினொன்று. இலை இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. தண்டு மட்டும் மண்ணைத் தொடும் இடத்தில் நூலால் இறுக்கிக் கட்டினது போல மெலிந்து பழுப்பாகிவிட்டது. மண்மேல் வெள்ளைப் பூஞ்சை, சின்னக் கறுப்பு ஈக்களும் பறக்குது. மிளகாய் ஒன்றுகூட முளைக்கவில்லை.

ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் மூடி போட்டபடியே இருக்கு, காலை மாலை தெளிப்பானால் தண்ணீர். கலவை: போன வருடத் தொட்டி மண் பாதி, கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) பாதி. தட்டும் பழையதுதான். என்ன மருந்து அடிக்கலாம்?

பதில் 1

நீங்க சொல்ற அந்த "நூல் கட்டின" அடையாளமே போதும், இது நாற்றழுகல், மண்ணுல இருக்கிற கிருமியால தண்டோட அடி அழுகுற நோய். வெளிச்சம் பத்தாமல் சாயுற நாற்று வேற மாதிரி இருக்கும்: தண்டு நீண்டு வெளிறிப் போயிருக்கும், ஆனா அடியில மெலியாது.

சாய்ந்தது பிழைக்காது. இப்பவே செய்ய வேண்டியது: சாய்ந்த குழிகளோடு, அவற்றைச் சுற்றி நல்லா நிற்கிற ஒரு வரிசையையும் மண்ணோடு எடுத்துடுங்க. பார்க்க நல்லா இருந்தாலும் அதுங்களுக்குள்ள நோய் போயிருக்க வாய்ப்பு அதிகம். குப்பையில போடுங்க, உரக்குழியில வேண்டாம். மூடியைக் கழற்றுங்க. சின்ன மின்விசிறியைக் குறைஞ்ச வேகத்துல, இலை லேசா ஆடுற அளவுக்கு ஓட விடுங்க.

தெளிப்பானை ஓரமா வைங்க. இந்த நோயைத் தர்ற பித்தியம் வகைக் கிருமியோட வித்துகள் தண்ணியில நீந்திப் போகும். மேற்பரப்பு எந்நேரமும் ஈரமா இருந்தா பக்கத்துக் குழிக்குப் போக வழி போட்டுக் குடுத்த மாதிரி. அடியில இருந்து குடுங்க: தட்டை 2 செ.மீ. தண்ணியில 15 நிமிஷம் வைச்சு எடுத்து, வடிய விடுங்க. மறுபடி எப்போன்னு நாள் கணக்கு பார்க்காதீங்க. தட்டைத் தூக்கிப் பாருங்க, லேசா இருந்து மேல்மண் நிறம் வெளுத்திருந்தா அப்போ.

பதில் 2

மேலே சொன்னது சரி. ஆனால் மிளகாய் முளைக்காததையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டுக்கும் காரணம் ஒன்றே: கலவை குளிர்ந்து கிடக்கிறது. குளிர்ந்த ஈர மண்ணில் விதை மெதுவாக முளைக்கும், தண்டு முற்ற நாளாகும். அந்த இளந்தண்டு நாட்கள் நீள நீளக் கிருமிக்கு வசதி. தண்டு ஓரளவு கெட்டியாகிவிட்டால் இந்த நோய் பெரும்பாலும் தொடாது.

அறை வெப்பத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஈரம் ஆவியாகும்போது கலவை குளிரும்; ஜன்னலோரம் இரவில் இன்னும் குளிரும். வெப்பமானியின் முனையை விதை இருக்கும் ஆழத்தில் செருகி, விடியற்காலையில் பாருங்கள். முளைக்கும் வரை தக்காளிக்கு 21 முதல் 27 டிகிரி செல்சியஸ், மிளகாய்க்கு 25 முதல் 30 வேண்டும். தட்டுக்கு அடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்பு வாங்கினால் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியோடு வாங்குங்கள். அதன் உணரி (வெப்பத்தை அளக்கும் முனை) கலவைக்குள் இருக்க வேண்டும், விரிப்பின் மேல் அல்ல.

கேட்டவர்

நன்றி. மூடி எடுத்தாச்சு, இரண்டு வரிசை போயிடுச்சு. இலவங்கப்பட்டைப் பொடி தூவலாமா? ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றச் சொல்றாங்களே? அந்த வெள்ளைப் பூஞ்சைதான் கொல்லுதா?

பதில் 2

வெள்ளைப் பூஞ்சை பெரும்பாலும் மட்கும் பொருளைத் தின்று வாழ்வது. அது ஈரம் மிகுதி என்பதற்கான அடையாளம், கொலையாளி அல்ல. பட்டைப்பொடி மேற்பரப்புப் பூஞ்சையைக் கொஞ்சம் அடக்கலாம், தண்டுக்குள் போய்விட்ட கிருமியை ஒன்றும் செய்யாது. பெராக்சைடு சீக்கிரமே சிதைந்துவிடும், நன்மை செய்யும் நுண்ணுயிரும் சேர்ந்து சாகும். காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேரடியில் ஊற்றுவது உண்டு. அது மீதி நாற்றுக்குக் காப்பு, சாய்ந்ததற்கு மருந்தல்ல. அதைப் போடுகிற தட்டில் நோய்க்கிருமியை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மாவைக் கூடவே போடாதீர்கள், மருந்து அதையும் பாதிக்கலாம்.

என் கருத்து: மருந்துக்கு அலையாமல் மறுபடி விதையுங்கள். வெளியே நட 6 வாரம் இருந்தால் தக்காளிக்குப் போதும்.

பதில் 3

மறுபடி விதைக்கிறதா இருந்தா தட்டுதான் முதல் வேலை. பழைய மண்ணைப் பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டு, அப்புறம்தான் பிளீச்சிங் திரவம் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு கலந்து 30 நிமிஷம் ஊற வைக்கணும். அழுக்கோட முக்கினா பிளீச் அந்த மண்ணுலயே செலவாகிடும். நல்லா அலசி வெயில்ல காய விடுங்க.

தொட்டி மண் வேண்டவே வேண்டாம். அலசின கோகோபீட் 3 பங்கு, சலிச்ச மண்புழு உரம் 1, பெர்லைட் (மண்ணை லேசாக்குற வெள்ளைத் துகள்) 1. கையில அள்ளிப் பிழியுங்க: உருண்டை நிக்கணும், விரலிடுக்குல ஒண்ணு ரெண்டு சொட்டுக்கு மேல வரக்கூடாது. தண்ணி ஒழுகினா விதைக்கிறதுக்கு முன்னாடியே அதிகம். டிரைக்கோடெர்மா விரிடி இந்தக் கட்டத்துல கலந்தாத்தான் பிரயோஜனம், நோய் வந்த பிறகு இல்லை. அரை செ.மீ. ஆழம் போதும். தக்காளியும் மிளகாயும் தனித்தனித் தட்டு, ஏன்னா தக்காளி முளைச்சதும் மூடியும் சூடும் எடுக்கணும், மிளகாய்க்கு இன்னும் வேணும்.

ஈக்களையும் விடாதீங்க. அதோட புழு வேரைக் கடிக்கும், கிருமியையும் குழிக்குக் குழி கொண்டு போகும். மஞ்சள் ஒட்டும் அட்டை பறக்கிற ஈயை மட்டும் பிடிக்கும். புழு குறைய மேல்மண் காயணும்.

பதில் 1

ஒரு சேர்க்கை. தப்பிச்ச தக்காளி நீண்டிருந்தா, முதல் உண்மை இலை வந்து தொட்டி மாத்தும்போது வித்திலை (முளைச்சதும் வர்ற முதல் ஜோடி இலை) வரைக்கும் தண்டைப் புதைக்கலாம், தண்டுல இருந்தே வேர் விடும். மிளகாயை அப்படி ஆழமாப் புதைக்காதீங்க.

கேட்டவர் (16 நாள் கழித்து)

வெப்பமானி வைத்துப் பார்த்தேன்: அறை 23, விதை ஆழத்தில் காலை 6 மணிக்கு 16. விரிப்பை 27-ல் வைத்து மறுபடி விதைத்ததில் தக்காளி 6-ஆம் நாளும் மிளகாய் 10-ஆம் நாளும் முளைத்தன. இதுவரை ஒன்றும் சாயவில்லை. பழைய தட்டில் தப்பியது பதினேழு, மருந்து எதுவும் போடவில்லை. வெளியே எப்படிப் பழக்குவது?

பதில் 2

இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாத வாரம் வரட்டும். முதல் நாள் காற்று மறைந்த நிழலில் ஒரு மணி நேரம், தினமும் ஒன்றிரண்டு மணி கூட்டுங்கள். நான்காம் நாளிலிருந்து காலை வெயில் மட்டும். 7 முதல் 10 நாளில் இரவும் வெளியே விடலாம். நடுவில் இலை வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்தால் அது வெயில் சூடு, நோய் அல்ல. ஒரு நாள் பின்னால் போய்த் தொடருங்கள்.