கென்யத் தேர்தல்களில் ஊடகம்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நான் முதலில் தொடங்குகிறேன். 2022 ஆகஸ்ட் 9 தேர்தலின்போது நைரோபியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மறுநாள் சாப்பாட்டுக் கடையில் இரண்டு தொலைக்காட்சிகள் ஓடின. அதிபர் வேட்பாளர்களில் ஒன்றில் ரூட்டோ முன்னிலை, இன்னொன்றில் ஒடிங்கா! இரண்டும் பொய்யில்லை. 46,000க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகளின் முடிவுகளை எழுதிய 34ஏ படிவங்களைத் தேர்தல் ஆணையம் இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சேனலும் கைக்குக் கிடைத்த படிவத்தைக் கூட்டியது. எனக்கு அது விளங்கியது. பக்கத்து மேசைக்காரர்களுக்கு இரத்தம் கொதித்தது. எங்கள் காவலாளி மட்டும் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் படிவத்தைக் கைபேசியில் திறந்து, கட்சி முகவர்களின் கையெழுத்தை எனக்குக் காட்டினார்.

இரண்டொரு நாளில் சேனல்கள் வாக்குகளைக் கூட்டிக் காட்டுவது மெல்ல மெல்ல நின்றுபோனது. கூச்சலைவிட அந்த மௌனம்தான் என்னைப் பயமுறுத்தியது. ஆளாளுக்கு மக்காச்சோள மாவு வாங்கிச் சேர்த்தார்கள். 15ஆம் தேதி ரூட்டோ 50.49 சதவீதத்துடன் வென்றதாக அறிவிப்பு வந்தது. ஏழு தேர்தல் ஆணையர்களில் நால்வர் அதை ஏற்கவில்லை. செப்டம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

மறுமொழி 1

உங்களுக்குப் படிவமாவது இருந்தது, அண்ணா. 2007 டிசம்பர் 30 அன்று நான் மேற்குக் கென்யாவின் எல்டோரெட் நகரத்தில் இருந்தேன். அப்போதைய அதிபர் கிபாகியே தேர்தலில் வென்றதாக அறிவித்து, இருட்டுவதற்குள் பதவியேற்பையும் முடித்துவிட்டார்கள். நேரலைக்குத் தடை. மிஞ்சியது வட்டார மொழி வானொலிதான். எனக்கு அந்த மொழி தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த சமையற்கார அம்மாவின் முகம் மாறியது மட்டும் தெரியும். அடுத்த இரண்டு மாதங்களில் நாடெங்கும் கலவரத்தில் 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைத் தூண்டியதாக ஒரு வானொலி அறிவிப்பாளர் மீது தி ஹேக்கில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. போதிய சாட்சியம் இல்லாமல் 2016இல் முடிந்துபோனது. எனவே ஊடகம் என்றாலே ஜனநாயகத்தின் காவலன் என்று யாராவது பேசினால் எனக்குச் சட்டென்று தலையாட்ட வராது.

மறுமொழி 2

2017 தேர்தல் முடிவை ஏற்காத ஒடிங்கா, 2018 ஜனவரி 30 அன்று தன்னை ‘மக்கள் அதிபர்’ என்று அறிவித்துப் பதவிப் பிரமாணம் எடுத்தார். அதைக் காட்டக்கூடாதென்று அரசு பெரிய சேனல்களை அணைத்தது. வீட்டில் திரை கறுப்பு. நாங்கள் கைபேசியில் பார்த்தோம். நீதிமன்றம் இரண்டே நாளில் தடையை நிறுத்தி வைத்தும் சேனல்கள் திரும்ப மேலும் சில நாட்கள் பிடித்தன.

முதலில் எழுதியவர்

எல்டோரெட் என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் காவலாளியும் 2008இல் அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தவர்தான். அவரிடம் ஒரு பழைய வானொலி உண்டு. அதில் கால்பந்து மட்டுமே கேட்பார்.