ஏற்காட்டில் நீச்சல் குளத்தைச் சுற்றி ரெசின் தரை போட்டவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம். ஏற்காட்டுல எங்க காபித் தோட்டத்து வீட்டுல சின்னதா ஒரு நீச்சல் குளம். சுத்தி கடப்பா கல். மழையும் பனிமூட்டமுமா ஈரம் காயறதே இல்ல, எங்க பார்த்தாலும் பாசி. போன ஐப்பசியில அப்பா வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சது. கல்லைப் பெயர்த்துடணும்னு அன்னைக்கே முடிவு பண்ணியாச்சு.

சேலத்துல ஒரு கான்ட்ராக்டர், பொடிக்கல்லை ரெசின்ல (பிசின் மாதிரி ஒட்டிப் பிடிக்கிற ரசாயனம்) கலந்து கரணையால இழைக்கிற தரையைச் சொல்றார். கல்லுக்கு நடுவுல துளை இருக்கறதால தண்ணி தேங்காதாம். சரி. ஆனா பழைய கான்கிரீட் மேலேயே போட்டுடலாம்ங்கறார். அந்தக் கான்கிரீட்ல தண்ணி இறங்காதே, அப்புறம் எங்க போகும்? வாட்டம் வச்சு ஓரத்துல வடிகால் விட்டாப் போதுமா, இல்ல துளையுள்ள கான்கிரீட் புதுசா போடணுமா?

இன்னொண்ணு. அரோமேட்டிக் ரெசின் வெயில்ல மஞ்சளாகும், அலிஃபாட்டிக் அப்படி ஆகாது, ஆனா விலை கூடன்னு தெரியும். என்ன வகைன்னு இவரைக் கேட்டா "நல்ல ரெசின் சார்"ங்கறார்! டப்பாவைக் காட்டச் சொல்லியிருக்கேன்.

காயறதுக்குள்ள ஈரம் பட்டா இந்தப் பாலியூரித்தேன் ரெசின் நுரைச்சு வெளுத்துடுமாம். அதனால மாசி, பங்குனியில போடலாம்னு இருக்கேன். மலையில போட்டவங்க சொல்லுங்க: துளைக்குள்ள பாசி அடைக்குதா? பிரஷர் வாஷ் அடிச்சா கல் உதிருதா? வெறுங்கால்ல நடந்தா குத்துமா? பேரப்பிள்ளைங்க நாள் முழுக்க அங்கதான் கிடக்குதுங்க. படம் இருந்தா போடுங்க.